நேர்த்திக்குள் ஒளித்து வைத்த துறைமுகம்

ஜெனீவாவில் இருபது வருடமாகக் கட்டட வேலையில் கொங்கிறீட் ஊற்றுகிறவன், கொங்கிறீட் பார்க்கச் சுற்றுலா போக வேண்டும் என்று கேட்டால் எந்த மனைவி சம்மதிப்பாள்? இரண்டாம் உலக யுத்தத்தில் படைகளுக்குச் சாமான் இறக்கத் துறைமுகம் இல்லையென்று, மாடிவீடு அளவான கொங்கிறீட் பெட்டிகளைச் செய்து, கடலில் மிதக்கவிட்டு, பிரான்சின் நோர்மண்டிக் கரைக்கு இழுத்துப்போய்த் தாழ்த்தி, துறைமுகமாக்கினார்களாம். மிச்சம் இன்னும் நிற்கிறது என்று தொலைக்காட்சியில் கண்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் பார்ப்பது போதாதோ என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

அவளுக்கு வருடா வருடம் ஒரு நேர்த்திக்கடன் உண்டு. எங்கள் நாட்டின் கடைசி யுத்தத்தில் கடற்கரையோரம் அகப்பட்ட அவளுடைய தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவனுக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு கோயிலுக்குப் போவாள். இந்தமுறை நோர்மண்டியில் உள்ள ஒரு பேராலயத்துக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். பூசை நேரத்தில் வெளியே நின்று கதைக்கிற கூட்டத்தில் முதல் ஆள் நான். என் திடீர்ப் பக்தியைக் கண்டு, எங்கள் கோயிலில் செபமாலை சொல்லுகிற அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

கோயில் ஆட்களோடு ஆறு பேராக ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம். புட்டும் சம்பலும் செபமாலையுமாகப் பயணம் நன்றாகவே போனது. பேராலயத்தில் மெழுகுதிரி கொளுத்தி, அழுது, மன்றாடி முடித்தார்கள். அடுத்தநாள், பக்கத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது, காற்று உடம்புக்கு நல்லது என்றேன். கடல் எப்போது வற்றிப் பின்வாங்கும் என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்து வைத்திருந்தேன். அங்கே போய் இறங்கியதும் தேத்தண்ணீர்ப் போத்தல் எடுக்க மனைவி பின்கதவைத் திறந்தாள். உள்ளே என்னுடைய வேலை பூட்ஸ் கிடந்தது.

“செபமாலை சொல்ல உது எதுக்கு?”

நான் அசடு வழிந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“என்ரை தம்பியின்ரை நேர்த்தியிலயோ உங்கட விளையாட்டு?” என்றாள். பின்கதவை அடித்துச் சாத்தினாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாழாய்ப்போன கால்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டிகளை நோக்கி நடந்துவிட்டன. பாசியை விலக்கித் தடவிப் பார்த்தேன். கொங்கிறீட் வார்க்கப் பலகை அடித்த அடையாளம் அப்படியே இருந்தது. நல்ல வேலைக்காரர்கள் என்று வாய்விட்டே சொன்னேன்.

செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் பின்னால் வந்து நின்றாள். எத்தனை நாளில் கட்டினவை என்று கேட்டாள். பெட்டிகளை முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள், இங்கே கொண்டுவந்து பூட்டிப் பொருத்தப் பதினாலு நாள்தான் என்றேன். சண்டை நடக்கிற நேரத்திலயோ என்றாள். ஓம் என்றேன்.

அவள் பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள்.

“தம்பி கடைசியாப் போனில சொன்னவன். சாப்பாட்டுக் கப்பல் தூரத்தில நிக்குதாம், கண்ணுக்குத் தெரியுதாம். கரைக்கு வர இடமில்லையாம். சின்ன வள்ளத்திலதான் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிறாங்களாம்.”

தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

“நினைச்சிருந்தால் அங்கையும் இப்பிடிச் செய்திருக்க ஏலும், என்ன?” என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.