எல்லைச் சாமியிடம் கொண்டுபோன எஞ்சின்

என் அக்காள் புருஷனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பழைய ஆமைக் கார் இருந்தது. முதுகு வளைந்து, எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கும் அந்தக் காரை மலேசியாவில், எங்கள் ஈப்போ டவுனில், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் எஞ்சின் செத்துப்போயிற்று. வேறு யாராவதாக இருந்தால் அதே மாதிரி எஞ்சினைத் தேடி மாட்டியிருப்பார்கள். மச்சான் ரோட்டரி எஞ்சின் போடப்போகிறேன் என்றார்.

குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, அவருக்கு ஒரு சின்னப் பட்டறை. நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். படிவம் ஒன்றோடு, பதின்மூன்று வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதில் மட்டும் பட்டம் வாங்கியவன் என்பாள் அக்கா. பொய்யில்லை. எஞ்சினைத் திறந்தால் மற்றவர்கள் எதைச் சரிசெய்யலாம் என்று பார்ப்பார்கள். எது உடையும் என்றுதான் என் கண் தேடும்.

ரோட்டரி எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் உப்பிய முக்கோணம் மாதிரி ஓர் இரும்பு உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். உருவம் சின்னது, வேகம் பெரிது. மச்சானுக்கு அதன்மேல் ஆசை வந்ததற்கு அது போதும்.

தெற்கே பீடோர் டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில் எஞ்சின் கிடைத்தது. புகைக்குழாயையும் சேர்த்தே வாங்கினோம். அந்த எஞ்சின் கக்கும் சூட்டுக்குச் சாதாரணக் குழாய் தாங்காது, சத்தமும் மாறிப்போகும். எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிய பிறகுதான் கடை முதலாளியான சீனத் தவுக்கே வாயைத் திறந்தான். இது ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சாமான் இல்லையாம். அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் வளைவில், பெரிய ரோட்டில், பக்கவாட்டாக மரத்தில் போய் மோதிய வண்டியாம். ஓட்டியவன் அந்த இடத்திலேயே போய்விட்டான், எஞ்சின் மட்டும் தங்கம் என்று சொல்லிச் சிரித்தான்.

நான் லாரியில் ஏறவில்லை.

"யாரு என்னான்னு கேளுங்க மச்சான்."

"கேட்டு? கருமாதிக்குப் போகப்போறியா? இந்த மாதிரி வண்டி வச்சிருந்தவன் டவுன்ல பணக்கார வீட்டுப் பையனா இருப்பான் லா. ஏறு."

மாட்டுவது லேசான வேலையாக இல்லை. ஆமைக் காரின் பழைய எஞ்சின் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். ரோட்டரிக்குத் தண்ணீர் வேண்டும். ரேடியேட்டரை முன்னால், ஸ்பேர் டயர் இருந்த இடத்தில் வைத்து, வண்டியின் அடிவயிற்றோடு இரண்டு குழாய்களைப் பின்னால் வரைக்கும் இழுத்தோம். எஞ்சினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவே வைக்க மச்சானே ஒரு தடித்த தகட்டைக் கடைந்தார். முதல் தடவை கிளப்பியபோது அதன் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பின்னால் இன்னொரு வண்டி வருகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். சுடுதண்ணீர் ஓட ஓட வண்டியின் தரை வெதுவெதுப்பாகும். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு அது.

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்காது.

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு செத்தவன் எஞ்சின் மேல என்னய குந்தச் சொல்றீங்களா? நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றாள் அக்கா. அவளுக்கு அது தலைச்சன் பிள்ளை. வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். மச்சான் கெஞ்சிப் பார்த்தார், கேலி பண்ணிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதானடா ஹந்து, பேய்னு கதையெல்லாம் சொல்லி வச்ச? நீயே அவள வண்டியில ஏத்து."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்களைப் போல் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தோட்டத்து முனியாண்டிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ரோட்டில் விழுந்த உயிர் அவர் கணக்கு. எஞ்சின் எடுத்த இடத்துச் சாமியிடம் கேட்காமல் அதை ஓட்டினால் அது சொல்லாமல் எடுத்த பொருள். அந்த வளைவில் இருக்கும் தோட்டத்துக்கே போய் உத்தரவு கேட்போம் என்றேன்.

மச்சான் சிரித்தார். "ஜே.பி.ஜே ஆபீஸ்ல, வண்டி கெராண்ட் பத்திரத்துல எஞ்சின் நம்பர் மாத்தியாச்சி. சாமிகிட்ட மாத்தல. அதான?"

ஆனாலும் எலுமிச்சம்பழமும் சுருட்டும் அவரேதான் வாங்கிவைத்தார். அக்கா வண்டியில் ஏற மறுத்ததால் அவளும் நானும் பஸ்ஸில் போனோம். மச்சான் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கிறது என்று அக்கா சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

தோட்டத்துக்குள் திரும்பும் மண்ரோட்டில், ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழே முனியாண்டி அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம். பெரிய ரோட்டில் அடிபட்ட யாரோ ஒரு டவுன்காரன் வண்டி எஞ்சின் என்று மச்சான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பூசாரி தலையைச் சொறிந்தார். புது வண்டிக்குப் பூசை என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதோடு முடியும்.

"வண்டி பழசு, எஞ்சின் புதுசு. அப்ப எஞ்சினுக்குத்தான பூச? மூடியத் தொறங்க. கிளப்பி வைங்க. சாமி சத்தத்தக் கேக்கட்டும்."

மச்சான் கிளப்பினார். பின்மூடி திறந்தே இருந்ததால் சத்தம் தங்குதடையில்லாமல் மரங்களுக்குள் போயிற்று. பூசாரி எஞ்சின்மேல் திருநீற்றைப் பூசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். ஓடி வரவில்லை. கையில் அரிசி கழுவிய ஈரம். எங்களை அவர் பார்க்கவே இல்லை. எங்களைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார், அங்கே நிற்கவேண்டிய வேறொரு காரைத் தேடுகிற மாதிரி. பிறகு கண் திறந்திருந்த மூடிக்கு வந்தது.

"இத எங்க வாங்குனீங்க?"

"பீடோர்லமா. ஏம்மா?"

"இது எம்மவன் வண்டி சத்தம்."

பூசாரியின் கை அப்படியே நின்றது. "சிங்கப்பூர்ல வேல செஞ்சி அந்த வண்டிய வாங்குனான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தோணவே இல்ல தம்பி."

எங்களுக்கும் தோன்றவில்லை. அந்த மாதிரி வண்டிக்காரன் லயத்து வீட்டுப் பிள்ளையாக இருப்பான் என்று எங்களில் யார் நினைப்போம்? செத்தவனை ஒதுக்கிவைக்க வந்தவர்கள், அவனை அவன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

மச்சான் சாவியைத் திருப்பப் போனார்.

"நிப்பாட்டாதய்யா" என்றார் அந்த அம்மா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புறம், "நீங்க பட்டறைக்காரங்கதான? ஒண்ணு கேக்குறேன். பேய் மாதிரி ஓட்டிப் போயி செத்தான்னு லயத்துல எல்லாரும் பேசுறாங்க. அந்த நேரத்துல அவங்கூட இருந்தது இது ஒண்ணுதான். இதப் பாத்தா தெரியுமா?"

பார்த்தால் கொஞ்சம் தெரியும். மெதுவாக ஓட்டிய ரோட்டரியின் பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்திருக்கும். இந்த எஞ்சினிலிருந்து நான் கழற்றிய பிளக்குகள் வெந்து வெளுத்துக் கிடந்தன. கடைசி நிமிஷத்தைப் பற்றிப் பிளக் ஒன்றும் சொல்லாது. ஆனால் அவன் எப்படி ஓட்டுகிறவன் என்று சொல்லும். அன்று அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்த மச்சான், "நல்லா மிதிச்சிருக்கான்டா" என்று விசிலடித்தவர்.

அதே மச்சான் இப்போது சொன்னார்: "தெரியும்மா. மெதுவாத்தான் போயிருக்காரு. இது மெதுவா ஓடுன எஞ்சின்."

"சத்தியமா?"

முனியாண்டி உருட்டிய விழியோடு பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் மச்சான் என்று எனக்குள் கத்தினேன். மச்சான் பீடத்துத் திருநீற்றில் கையை வைத்தார். "சத்தியமா."

அந்த அம்மா தலையாட்டினார். அழவில்லை. அப்போதுதான், தள்ளி மரத்தடியில் நின்ற அக்காவையும் அவள் வயிற்றையும் பார்த்தார்.

"நீ ஏம்மா அங்க நிக்கிற?"

அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தாள். கேட்டவரே புரிந்துகொண்டார். "எம்மவன் யாரயும் பயமுறுத்துனவன் இல்லமா. வா." அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கதவைத் திறந்து உட்காரவைத்து, வெளியே தொங்கிய சேலையை எடுத்து மடியில் வைத்துக் கதவைச் சாத்தினார். சாமி உத்தரவு கொடுத்ததோ இல்லையோ தெரியாது. அக்கா ஏறிவிட்டாள்.

திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் இருந்தேன், எஞ்சின் என் முதுகுக்குப் பின்னால். லாரிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. கர்ப்பிணி இருக்கிறாள், அதனால் மச்சான் நிதானமாக ஓட்டுகிறார் என்று நினைத்தேன். பெண் குழந்தை நல்லபடியாக அந்தக் காரிலேயே வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகும் அவர் அப்படியேதான் ஓட்டினார். பட்டறைக்கு வருகிறவர்கள், ராக்கெட்டைக் கட்டிவைத்து மாட்டுவண்டி ஓட்டுகிறான் என்று சிரிப்பார்கள். பிளக்குகள் அடிக்கடி கறுத்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்வது என் வேலை.

"ஒரு நாளாவது நல்லா மிதிங்க மச்சான். கரி போவும்."

"மெதுவா ஓடுன எஞ்சின்னு சாமி முன்னால சொல்லிட்டேன்லடா" என்றார். "இனி அது அப்படித்தான் ஓடணும்."

வண்டியை விற்கும்வரை அவர் அதை மிதிக்கவில்லை. அந்த எஞ்சின் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் எப்படிக் கத்தும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். மகன் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும், வளைவுக்கு அப்பாலிருந்தே, அந்தச் சத்தத்தைக் கேட்டு உலை வைத்தவர் அவர். அவன் எப்படி ஓட்டுவான் என்று எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஆனாலும் கேட்டார். மச்சான் சொன்னதற்குத் தலையாட்டவும் செய்தார்.