பொருளாதார நிபுணர் சொன்ன யோசனை

கல்லூரியில் நான் பொருளியல் நடத்துகிறேன். திருவாரூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அது போதவில்லை. அங்கே நான் 'பொருளாதார நிபுணர்'. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படியே அச்சடித்துவிட்டார்கள். நானும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

அதனால்தான் அந்தக் குறுவை அறுவடையின்போது அண்ணி எனக்குப் போன் செய்தார். அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்க, இங்கே நிலத்தைப் பார்ப்பது அண்ணிதான். அரசுக் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு, முறை வருவதற்காகக் காத்துக் கிடந்தார்.

"தம்பி, மானம் மூட்டமா இருக்கு. வியாபாரி வந்து நிக்கிறாரு. வெல கம்மிதான். தள்ளிவிட்டுடவா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"அவசரப்படாதீங்க அண்ணி. ரெண்டு நாள் பொறுங்க."

ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அரசு விலைக்கும் வியாபாரி விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் மனதில் நின்றது.

மறுநாள் தஞ்சாவூரில் முதலாண்டு வகுப்பு. பொருளியலாளரைக் குறிக்கும் 'எகானமிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் கிரேக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். 'ஓய்கோஸ்' என்றால் வீடு. அதோடு நிர்வாகத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்து 'ஓய்கோனோமோஸ்', அதாவது வீட்டையும் அதன் தானியத்தையும் பார்த்துக்கொள்பவர். நாட்டைப் பற்றிப் பேசுகிறவருக்கு அந்தப் பெயர் வந்தது பல நூற்றாண்டு கழித்துத்தான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாரல் உள்ளே அடித்தது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வழி நெடுக மழை. அண்ணி போனை எடுக்கவே இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கொள்முதல் நிலைய வாசலில் எங்கள் குவியலைக் காணோம். வீட்டுக்கு ஓடினேன். கட்டிலையும் பீரோவையும் ஓரம் தள்ளி, கூடம் முழுக்க நெல்லைப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டிருந்தார் அண்ணி. புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். ஊறிப் பருத்திருந்தது.

"தார்ப்பாய் போட்டதால மேல இருந்தது தப்பிச்சிடுச்சு தம்பி. தண்ணி தேங்கி, அடியில கெடந்தது மொளச்சிடும்," என்றார்.

அப்போது அண்ணன் போனில் வந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடத்தையே அதிர வைத்தது.

"வியாபாரிகிட்ட குடுக்காம, யாரு உன்னக் காத்திருக்கச் சொன்னது?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலீங்க. நானாதான் ஆசப்பட்டு இருந்துட்டேன்."

நான் குனிந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன்.