தொடையில் இருந்த இரும்பு

பெரியண்ணன் வாயில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “ஒண்ணுமில்லிங்க.” நெய்வேலிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவருக்கு கேட் பாஸ் எப்படியோ, அந்தப் பதிலும் அப்படி. காய்ச்சலா? ஒண்ணுமில்லிங்க. இடுப்பு வலியா? ஒண்ணுமில்லிங்க. உண்மையைச் சொன்னவர்கள் அடுத்த வாரம் கேட்டுக்கு வெளியே நின்றதை அவர் கண்ணாரப் பார்த்திருக்கிறார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டின் உருளை ஒன்றைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தபோது எஃகுச் சில்லு ஒன்று தெறித்து அவருடைய இடது தொடையில் இறங்கியது. பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். சூப்பர்வைசர் ஓடி வந்து, “அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டார். துண்டைத் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்லிங்க” என்று சொல்லி ஷிப்ட் முடியும்வரை நின்றார் மனிதர். கடைசியில் பெர்மனென்ட் ஆனது அந்தச் சில்லு மட்டும்தான்.

காயம் ஆறித் தோல் மூடிவிட்டது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி வள்ளியம்மாள். அவளைத் தவிர, பெல்ட்டுக்கு மேலே தொங்கிய பெரிய காந்தத்துக்கும் தெரியும். கரியோடு கலந்து வரும் போல்ட்டு, நட்டுகளைப் பிடித்து இழுக்க மாட்டியிருந்த காந்தம் அது. பக்கத்தில் போனால் தொடைக்குள் வெடுக்கென்று இழுக்கும். பெரியண்ணன் சுற்றிக்கொண்டுதான் போவார்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தும் கட்டி திரும்ப வந்தது. போன இடத்திலெல்லாம் கையை விரித்தபோதுதான், சென்னையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் பரிசோதனையாக ஒரு புதுச் சிகிச்சை நடப்பது தெரிந்தது. பன்னிரண்டு பேருக்குத்தான் இடம்.

டாக்டர் தேவயானி பொறுமையாக விளக்கினார். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்களைத் திரவத்தில் கலந்து கட்டிக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். பிறகு ஒரு காந்த இயந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள். துகள்கள் சூடேறி, கட்டி மட்டும் வெந்து சாகும்.

“எங்க மைன்ஸ் காந்தம் இழுக்கத்தான் செய்யும். சூடு பண்ணுமுங்களா?” என்றார் பெரியண்ணன். காந்தத்தைப் பற்றி அவருக்கா தெரியாது!

“உங்க மைன்ஸ் காந்தம் ஒரே பக்கமா இழுக்கும். இது ஒரு நொடிக்கு லட்சம் தடவை திசை மாறும். அந்த ஆட்டத்துல இரும்பு சூடாகிடும்.” சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார். “உடம்புல வேற எங்கயாவது இரும்பு, பிளேட், ஸ்க்ரூ இருக்கா?”

வாய் முந்திக்கொண்டது. “ஒண்ணுமில்லிங்க.”

ஸ்கேன் இடுப்போடு நின்றுவிட்டது. நடுத்தொடையில் இருந்த சில்லு அதில் தெரியவில்லை.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்து வீட்டில் துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்த வள்ளியம்மாள் வெடித்துவிட்டாள். “ஏன்யா, பெல்ட்டு காந்தத்துக்கே பயந்துகினு சுத்திப் போன ஆளு நீ. இப்ப அதுக்குள்ளயே போயி படுத்துக்கப் போறியா? சொல்லித் தொலைய்யா.”

“சொன்னா பேர அடிச்சிட்டு வேற ஆளப் போட்டுக்குவாங்க. அப்புறம் சாவ வேண்டியதுதான். வுடு.”

“நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்.”

பெரியண்ணன் அவள் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தார். “சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு.” அந்தச் சத்தியத்தை மீறினால் யார் தலைக்கு ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே சத்தியம் செய்தாள்.

துகள்களை ஏற்றிய மறுநாள் காலை இயந்திரத்தில் படுத்தார். கையில் ஒரு மணி பொத்தான் கொடுத்திருந்தார்கள். வேறு எங்காவது சுட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரும் வள்ளியம்மாளும் நின்றார்கள்.

அடிவயிற்றில் வெதுவெதுப்பு பரவியது. “வேற எங்கயாவது சுடுதா?” ஸ்பீக்கரில் தேவயானி கேட்டார்.

தொடையில் ஒரு புள்ளி லேசாகக் காய ஆரம்பித்திருந்தது. “ஒண்ணுமில்லிங்க.”

வேகத்தைக் கூட்டினார்கள். அந்தப் புள்ளி பீடி நெருப்பைப் போலச் சுட்டது. ஒரு மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டால் கட்டி செத்துவிடும் என்று கணக்குப் போட்டார். ரத்தம் ஒழுக ஒழுக ஒரு ஷிப்ட் முழுக்க நின்ற உடம்பு இது. ஆனால் நெருப்பு எலும்புவரை இறங்கியது. கால் விரல்கள் தானாக மடங்கின.

தலையைத் திருப்பினார். வள்ளியம்மாள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் விரல்களின்மேல் வழிந்தது. தன் வாயை மூடிக்கொண்டது போதாதென்று அவள் வாயையும் மூடி வைத்திருக்கிறோமே என்ற நினைப்பு அவர் நெஞ்சை அறுத்தது. பொத்தானை அழுத்தினார்.

இயந்திரம் நின்றது. தேவயானி ஓடி வந்தார். “என்ன ஆச்சு?”

“அடி பட்டுட்டுதுங்க.”

“அடியா? எப்போ?”

“பத்தொம்போது வருஷமாச்சிங்க.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் கோபத்தில் கத்திவிட்டார். “இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா உங்க காலே போயிருக்கும்! கேட்டேனா இல்லையா?” பட்டியலில் பெயர் இருக்குமா என்று மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். சில்லை அறுத்து எடுத்து, நெய்வேலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் திடுக்கிட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் கூப்பிட்டார்கள்.

தேவயானி அதே படிவத்தைப் புதிதாக எடுத்தார். “உடம்புல இரும்பு?”

“கட்டியில நீங்க வச்சதுதாங்க. வேற இல்லிங்க.”

“வேற ஏதாவது தொந்தரவு?”

பெரியண்ணன் வாய் வழக்கம்போல முந்தப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மாளை ஒரு தடவை பார்த்தார்.

“இடுப்பு வலிக்குதுங்க. ராத்திரியில தூக்கம் இல்லிங்க. ரொம்ப பயமா இருக்குதுங்க.”

தேவயானி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.