ராஜா பேர் கூப்பிட்ட பக்கம்

என் மகள் எஸ்தர் பேசாமல் போனது போன வருடம் கார்த்திகை மழையில்.

இலங்கையில் பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை மண் சரிந்தது. கீழ் லயத்தை, தொழிலாளர்களின் ஒற்றை அறை வீட்டு வரிசையை, அப்படியே மூடிவிட்டது. மேல் லயத்தில் இருந்த நாங்கள் தப்பினோம். கீழே இருந்த சுகந்தி தப்பவில்லை. அவளுக்கும் எஸ்தருக்கும் ஒரே வயது, பன்னிரண்டு. ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவார்கள். ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் உட்காருவார்கள்.

அன்று முழுவதும் எஸ்தர் அந்த மண்மேட்டுக்கு முன்னால் நின்று "சுகந்தி, சுகந்தி" என்று கூப்பிட்டாள். சாயங்காலம் நிறுத்தினாள். அதற்குப் பிறகு எங்களோடும் பேசவில்லை.

பதுளையில் டாக்டர் அவள் தொண்டையைப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை, பயமும் துக்கமும்தான், அவசரப்படுத்தாதீங்க என்றார். அவசரப்படுத்தவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது எங்கள் வழக்கம். அவள் முறை வரும்போது எல்லாரும் கொஞ்சம் காத்திருப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் அவளுடைய வசனத்தையும் சேர்த்து வாசித்துவிடுவார். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை.

தினமும் டயரி எழுதுகிறவள் நான். மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்பதுகூட எழுதியிருப்பேன். அந்த நாட்களில் ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்ப எழுதினேன்: "ஆண்டவரே, அவளிடம் பேச என்னிடம் வார்த்தை இல்லை. நீரே பேசும்."

தை மாதத்தில் பாஸ்டரம்மா பதுளைக்குப் போனார். கண் மங்கிவருகிறது என்று பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். கடையில் பொட்டலம் மாறிவிட்டது. வீட்டில் தாளைப் பிரித்தால், அட்டையில் ஒற்றைக் கொம்போடு ஒரு மிருகம் வாயைத் திறந்து நிற்கிறது. "மலைக்குள் இறங்கிய ராஜா" என்று பேர்.

என் நாத்தனார் மேரி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, இனிமே ஜெபக்கூட்டத்துல இதுக்குத்தான் பாட்டுப் படிக்கணுமா?"

"போடி. நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன்."

மறுநாள் ரோட்டில் மரம் விழுந்து பஸ் ஓடவில்லை. புத்தகம் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மாயாஜாலக் கதைகளை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. அது பிசாசுக்கு வாசல் என்று கேட்டு வளர்ந்தவள். ஆனால் அன்று மாலை ஜெபம் முடிந்ததும் எஸ்தர் அதை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

முதல் பக்கத்திலேயே ஒரு மலை சரிந்து ஊரை விழுங்குகிறது. மூடப் போனேன். எஸ்தர், நான் விட்ட வரியில் விரலை வைத்தாள். வாசித்தேன்.

கதை இதுதான். மலைக்கு அடியில் சத்தங்களைத் தின்னும் ஒரு மிருகம் இருக்கிறது. புதைந்துபோன ஊரின் குரல்கள் எல்லாம் அதன் வயிற்றில். ஒரு குயவனின் பிள்ளைகள், அக்காளும் தம்பியும், உண்மை பேசினால் மட்டும் எரியும் விளக்கோடு ராஜாவைத் தேடிப் போகிறார்கள். தொடக்கத்தில் பெயர்கள் அதிகம், குழப்பும். கடல் பயணமும் கொஞ்சம் நீளம். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தகரக் கூரையில் மழை அடிக்கும்போது கத்தித்தான் வாசிக்க வேண்டும். அதனால் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மேரியும் வந்து உட்கார ஆரம்பித்தாள். "அந்த மிருகம் செத்திருச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க அண்ணி" என்பாள். சொல்ல மாட்டேன்.

கடைசிக்கு முந்தின அதிகாரம். ராஜா மலையின் வாசலில் தனியாக நிற்கிறார். படை இல்லை. விடியும் நேரம். மண்ணுக்குள் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் வராத பேருக்காக அவரே உள்ளே இறங்குகிறார்.

சுவரில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "இது நம்ம பெரட்டு மாதிரில்ல இருக்கு" என்றார். தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. "ஆனா பதில் சொல்லாட்டி நம்ம கங்காணி பேர வெட்டிட்டுப் போயிருவாரு. இவரு தேடிக்கிட்டுல்ல போறாரு."

மேரி சிரித்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அப்போது ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, ரொம்பச் சின்னதாக.

"சுகந்தி பேரையும் கூப்பிடுவாராம்மா?"

எஸ்தர்தான். எங்கள் சின்னக் காம்பராவுக்குள் வேறொருவர் வந்து நிற்கிறார் என்று அறிந்தேன். இன்றைக்கும் அதை வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

"கூப்பிடுவாரு தங்கம்" என்றேன். "ஒரு பேரையும் விட மாட்டாரு."

"நான் கூப்பிட்டேன். அவ பதில் சொல்லல."

"தெரியும்மா."

அவள் அழுதாள். மண் சரிந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்த வாசிங்க" என்றாள். என்னால் முடியவில்லை. மேரிதான் வாங்கி வாசித்தாள், அவளும் அழுதுகொண்டே.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்தர் தன் வசனத்தைத் தானே வாசித்தாள். அடுத்த வாரம் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். நானும் கூடப் போனேன். பஸ் சரிவுக்குக் கீழே திரும்பும் இடத்தில் டாக்டரிடம் போன நாட்களில் எல்லாம் அவள் முகத்தை என் சேலைக்குள் புதைப்பாள். அன்று ஜன்னலைத் திறந்தாள். "சுகந்தி" என்று ஒரே ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப கேக்காது. அவரு கூப்பிடறப்ப எந்திரிப்பா" என்றாள்.

நான் கேட்டது பாட்டுப் புத்தகம். கர்த்தர் எனக்கு எது வேண்டுமென்று அறிந்து பொட்டலத்தை மாற்றினார் என்றே விசுவாசிக்கிறேன். அட்டையில் உள்ள மிருகத்தைப் பார்த்து நான் பயந்ததுபோல் நீங்கள் பயப்படாதீர்கள். வாங்கி, வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். ராஜா பேர் கூப்பிடும் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு பேரைச் சொல்ல வேண்டியிருக்கலாம்.