தார்ப்பாய்க் கோயிலின் மொழிபெயர்ப்பாளன்

எரிந்த பிளாஸ்டிக்கின் நாற்றம் மூக்கில் நிற்பதில்லை, நாக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் அடங்குவதற்குப் பதில் இன்னும் கிளம்பும். தாராவியில் எங்கள் "கல்லி", அதாவது சந்து, ஒரு மத்தியான நேரத்தில் பிளாஸ்டிக் குடோனில் தீப்பிடித்து முனை ரொட்டிக்கடைவரை எரிந்து தீர்ந்தபோது எனக்கு வயது பதினொன்று. அந்த மழைக்காலம் முழுக்க நான் குடித்த டீயிலும் தின்ற "பாவ்" ரொட்டியிலும் அந்த நாற்றம்தான். உயிர்ச்சேதம் இல்லை. கருகியவற்றில் என் கணக்குப் புத்தகமும் ஒன்று என்பதால் தீயின்மேல் எனக்குப் பெரிய மனத்தாங்கலும் இல்லை.

அந்தச் சாம்பலில்தான் "சிலோன் பாஸ்டர்" வந்து நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி, மண்டபம் அகதி முகாமில் சில மாதம் இருந்து, யாரோ கொடுத்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு பம்பாய் வந்தவர். விலாசத்துக்குரிய வீடும் எரிந்திருந்தது. வேறொருவர் அடுத்த ரயிலைப் பிடித்திருப்பார். இவர் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குப்பைமேட்டை இரண்டு நாள் அள்ளிக் கொட்டிவிட்டு, நான்கு மூங்கில், ஒரு தார்ப்பாய், சாக்குப் படுதாச் சுவர்கள், ஒரு தகரக் கதவு என்று கோயில் கட்டிவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களான எங்களுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு கோயில் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு அதற்கு மேலும் கிடைத்தது. ஒற்றை அறை வாடகை "கோளி"யை இழந்து நின்ற எங்களைக் கோயிலுக்குள்ளேயே படுக்கச் சொல்லிவிட்டு, அவர் எதிரே தீயில் தப்பியிருந்த தையல் பட்டறையின் வாசலில் படுத்துக்கொண்டார்.

எரிந்த குடிசைகள் மறுபடி எழும்பியதும் "சர்வே" வரும் என்று பேச்சு வந்தது. ஒவ்வொரு குடிசைக் கதவிலும் எண் எழுதுவார்கள். எண் உள்ளவனுக்குத்தான் நாளைக்கு மாடிக் கட்டடத்தில் வீடு. "வாடகைக்காரனுக்கு ஒரு மண்ணும் கெடையாதுலே. நம்பர் இல்லாதவன் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்" என்றார் அப்பா. ஊரில் எங்களுக்கு ஏறி இறங்க ஒரு படிகூட இல்லை.

அதிகாரி வந்தபோது போதகர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெருச் சண்டை போடும் அளவுக்குத் தெரியும். யாருடையது என்று அதிகாரி கேட்டார். "தம்பி, இது கோயில் எண்டு சொல்லு. இந்தச் சனத்தின்ரை கோயில் எண்டு சொல்லு" என்றார் போதகர்.

உள்ளே அம்மாவின் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பழியை அவர்மேல் போட இத்தனை வருடம் முயன்றும் முடியாமல்போனது இதனால்தான்.

"யே ஹமாரா கர் ஹை, சாப்" என்றேன். இது எங்கள் வீடு.

அப்படியானால் இவர் யார் என்று அதிகாரி போதகரைக் காட்டினார். "மெஹ்மான்" என்றேன். விருந்தாளி.

தகரக் கதவில் எண் விழுந்தது, தாளில் அப்பாவின் பெயர் விழுந்தது. "என்னவாம் தம்பி?" என்றார் போதகர். "சரின்னு சொல்லிட்டாரு" என்றேன். என் மொழிபெயர்ப்புப் பணியில் உண்மையாக இருந்த ஒரே வரி அது.

ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை முன்னால் நிறுத்தினார். "இந்தப் பிள்ளையாலைதான் கோயில் நிக்குது. அண்டைக்கு இவன் சொன்ன வசனத்தை நான் பாடமாக்கிப்போட்டன். நீங்களும் சொல்லுங்கோ, ஆர் வந்து கேட்டாலும் உதவும்" என்று சொல்லி, "யே ஹமாரா கர் ஹை" என்று கைகூப்பிச் சொன்னார். இந்தி தெரிந்த நாற்பது பேர், தரையைப் பார்த்தபடி, அதைத் திருப்பிச் சொன்னார்கள். யாரும் அவரிடம் விளக்கவில்லை. நடுவில் ஒரு புடவையைக் கட்டி ஒரு கோளிக்கு இரண்டு எண் வாங்கியவர்கள்தான் பாதிப் பேர். வெளியே வந்ததும் பக்கத்து மங்களத்தக்கா மட்டும் அம்மாவிடம், "ஒம் மவன் வக்கீலாத்தான் வருவான், பாத்துக்கோ" என்றாள். அம்மா அன்று சோறு வடிக்கவில்லை.

அவர் அந்த வசனத்தைப் போலீஸ்காரரிடம் சொன்னார், தண்ணீர் லாரிக்காரரிடம் சொன்னார். ஆனால் தெருவில் வாழ்கிறவனுக்குத் தெருவே இந்தி கற்றுக்கொடுத்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. நான்கைந்து மாதம் கழித்து முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வந்து, யாருடையது என்று அதே கேள்வியைக் கேட்டார். போதகர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாக, பிழையில்லாமல், "இன்கா கர் ஹை, சாப். மே மெஹ்மான் ஹூம்" என்றார். இவர்கள் வீடு, நான் விருந்தாளி.

என்னைத் திட்டவில்லை, ஜெபத்தையும் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து, தான் கட்டிய கோயிலின் அந்தத் தகரக் கதவை விரலால் தட்டி, அம்மா "வாங்கய்யா" என்று சொன்ன பிறகே உள்ளே வந்தார். மாடிக் கட்டடம் எழும்புவதற்கு முன் ஊரைவிட்டுப் போனார்; எங்கே என்று கேட்கும் யோக்கியதை எங்களில் யாருக்கும் இல்லை.

இன்று அந்தக் கல்லி இல்லை. அந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது, அதில் கோயில் இல்லை. அந்த எண்ணுக்குக் கிடைத்த வீட்டை விற்றுத்தான் பம்பாய்க்கு வெளியே சான்பாடாவில் நான் இருக்கும் இந்த வீடு. வாசலில் குயில்போலக் கூவும் அழைப்பு மணி, என் தேர்வு. அதைக் கவனிக்காமல் கொரியர்காரர் யாராவது விரலால் கதவைத் தட்டினால் நான் எழுந்து போவதில்லை. மனைவியைப் போகச் சொல்கிறேன்.