பல்லாவரத்திலிருந்து முப்பது பெயர்கள்

ஹனீஃபா பாய் கைக்குட்டையால் மவுஸைத் துடைக்கிறார். கீபோர்டை மேலே தள்ளிவிட்டு, காலியான இடத்தில் சீட்டுகளைப் பரப்புகிறார். தோல் மாதிரிகளோடு கட்டி அனுப்பும் பழுப்பு அட்டைச் சீட்டுகள் அவை. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு வெள்ளைக்கார நடிகையின் பெயர், தமிழில். இடப்பக்கம் நிச்சயம், நடுவில் சந்தேகம், வலப்பக்கம் கழிவு. ஒரு சீட்டைப் புறங்கையால் தடவி நடுவிலிருந்து இடப்பக்கம் மாற்றுகிறார். திரையை உற்றுப் பார்க்கிறார். மறுபடி அதை நடுவுக்கே கொண்டுவருகிறார்.

அஸ்தினாபுரம் மெயின் ரோட்டில் பியூலா நடத்தும் பிரவுசிங் சென்டரில், ஜனவரி மாத மாலைகளில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் அவருடையது. பகலெல்லாம் பல்லாவரத்துக் கிடங்கில் தோல் தரம் பிரித்துவிட்டு நேரே வருவார். என்ன அத்தர் பூசினாலும் பதனிட்ட தோலின் வாடை கூடவே வரும். விசா ஃபாரம் நிரப்ப வந்தவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். அவருக்கு அது தெரியும்; "மன்னிச்சுக்கோங்க சார், தொழில் வாசனை" என்பார்.

ஆஸ்கர் விருதுக்கு யார் யார் பெயர் பரிந்துரையாகும் என்று முன்கூட்டியே எழுதுகிற மனிதர் இவர் என்று தெரிந்த முதல் வருஷம், பியூலாவும் சிரித்தவள்தான்.

"இந்தப் படமெல்லாம் எங்க பாய் பாத்தீங்க?"

"ஒண்ணுகூட பாக்கலம்மா. இன்னும் நம்மூருக்கே வரலியே."

"பாக்காமயா எழுதறீங்க? நல்ல கதையா இருக்கே!"

"பாத்துட்டா புடிச்சிடும். புடிச்சிட்டா செலக்‌ஷன் கெட்டுடும்."

அந்த வருஷம் பரிந்துரைகள் வெளியான மாலையில், அவர் விட்டுப்போன காகிதத்தைப் பியூலாவே சிவப்புப் பேனாவால் திருத்தினாள். டீச்சர் பெற்ற பெண். விடைத்தாள் திருத்துவது வீட்டில் பார்த்துப் பழகிய வேலை. முப்பது பெயர்களில் இருபத்தாறு சரி. இரண்டாம் முறை எண்ணினாள்; அதேதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். கடல் தாண்டிப் போனதில்லை. கடலைக்கூடக் கோவளத்துக்குப் பஸ் பிடித்துப் போனால்தான் பார்ப்பார். எங்கோ இருந்து ஓட்டுப் போடுகிற ஆயிரக்கணக்கான ஆட்களின் மனசு இவர் கைக்கு எப்படி எட்டியது?

கேட்டதற்கு அவர் தோலைப் பற்றித்தான் பேசினார். "வெளிநாட்டுக்காரன் சரக்கு பாக்க வர்றான்னு வெச்சிக்க. நூறு தோலு விரிச்சிருக்கும். இருக்கறதுலயே ஒசத்திய அவன் தொடமாட்டான். ஊருக்குப் போனா மொதலாளி இன்னாய்யா இதுன்னு கேட்டுடக்கூடாது பாரு. யாரும் கேள்வி கேக்காத தோலாப் பாத்து எடுப்பான். இருவத்திரெண்டு வருசமா பாத்துக்கினு கீறேன். ஓட்டுப் போடறவனும் அதே ஆளுதாம்மா."

அதனால் அவர் படத்தைத் தேடுவதில்லை. அங்கே நடிகர் சங்கம் யாரைச் சொன்னது, இயக்குநர் சங்கம் யாரைச் சொன்னது, எந்தப் படத்துக்குப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம், போன தடவை கடைசி நேரத்தில் தோற்றது யார் என்று எழுத்துக் கூட்டிப் படிப்பார். தெரியாத ஆங்கில வார்த்தை வந்தால் பியூலாவைக் கூப்பிடுவார். அவள் அகராதியோடு எழுந்து போவாள்.

ஒரு அமெரிக்க இணையதளம் அவரைத் தன் பன்னிரண்டு கணிப்பாளர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. மற்ற பதினொரு பேரும் பத்திரிகைக்காரர்கள், விமர்சகர்கள். நடுவே 'ஹனீஃபா, பல்லாவரம்'. படங்களை எந்தத் தியேட்டரில் பார்க்கிறீர்கள் என்று அங்கிருந்து ஒருவர் கேட்டபோது, "எதுலயும் இல்லன்னு எழுதும்மா" என்றார். அது நகைச்சுவை என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

ஆனால் போன வருஷம் அனுப்பும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பட்டியல் போகவில்லை; மதிப்பெண் பூஜ்யம். இரண்டு வருஷக் கூட்டலில் கடைசியாக வருகிற இருவரை நீக்குவது அவர்கள் வழக்கம். இந்தத் தடவை சறுக்கினால் அந்தப் பக்கத்தில் பல்லாவரம் இருக்காது.

இந்தத் தடவை பார்த்துத்தான் அவர் மனைவி சாஹிரா வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்தப் படங்களில் ஒன்றின் திருட்டு டிவிடி வாங்கிவிட்டாள். கண்ணால்கூடப் பாராமல் எழுதுகிறாரே மனிதர் என்ற இரக்கம். ஆசையாகப் போட்டவளிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு வயசான அம்மா," என்று பியூலாவிடம் சொன்னார். "பஸ்ஸுக்கு நிக்குது. பஸ்ஸு வருது. ஏறல. அவ்ளோதான். ஒரு வார்த்த பேசலம்மா. எங்க வூட்ல அழுவுது. நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினேன்."

பரிந்துரைகளை அறிவிக்கிற நாள் அன்று. ஏழு மணிக்கு அறிவிப்பு. ஆறரைக்குள் பட்டியல் போயாக வேண்டும். இருபத்தொன்பது பெயர்கள் அடித்தாகிவிட்டது. சிறந்த நடிகைக்கான ஐந்தாவது இடம் மட்டும் காலி. அந்த அம்மாவின் சீட்டு அவர் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது.

"போட்டுடுங்களேன் பாய்."

"சின்ன கம்பெனி. ஒரு விளம்பரம் கெடையாது. ஒரு சங்கமும் பேரச் சொல்லல. கழிவுதாம்மா."

"அப்ப ஏன் கைலயே வெச்சிருக்கீங்க?"

அவர் சீட்டைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். ஆறு இருபத்தாறு ஆயிற்று.  மறுபடி கரண்ட் போய்விடுமோ என்று பியூலா ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சீட்டை வலப்பக்கம் வைத்தார். முழுப்பக்க விளம்பரம் வந்த நடிகையின் பெயரை ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக அடித்து அனுப்பினார்.

ஏழு மணிக்குமேல் பக்கம் திறக்க நேரமாயிற்று. திறந்ததும் பியூலா நின்றபடியே சிவப்புப் பேனாவை ஓட்டினாள். முப்பதில் இருபத்தெட்டு! நடிகைகள் ஐந்துக்கு ஐந்து. "பாய்! யாருமே உங்க கிட்ட வரமுடியாது பாய்!" என்று கத்தினாள். விசா ஃபாரக்காரர்கள் விஷயம் புரியாமலே கைதட்டினார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பெயரே தெரியாத படங்களின் தலையெழுத்தைப் படித்த அந்த மனிதரை, மழை எந்த நிமிஷம் வரும் என்று சொல்லி வரவழைத்தவரைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கழிவில் வைத்த சீட்டு மறுபடி அவர் கையில் இருந்தது. நடிகைகளின் பட்டியலை மெல்லக் கீழே உருட்டினார். ஐந்தாவது பெயர் தாண்டிப் போயிற்று. அடுத்த பிரிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கம் தீர்ந்து வெறும் வெள்ளை தெரிந்தது. மறுபடி மேலே போய், அந்த ஐந்து பெயர்களையும் திரையில் விரல் வைத்து எண்ணினார். ஐந்துதான். பிறகு இன்னும் ஒருமுறை கீழே உருட்டினார்.