இருபத்து நான்காவது ஆள்

ராக்கெட் ஏவுதளத்தில் அந்த அம்மாளுக்குப் பட்டப்பெயர் 'பொறுங்கம்மா'. பாதுகாப்பு அதிகாரியாகப் பத்தொன்பது வருடம். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "பொறுங்க"தான். அதற்கு முன்பு தீயணைப்பு நிலையத்தில் வேலை. வீட்டில் பால் பொங்கினால் கூட அடுப்பை அணைத்துவிட்டு விசாரணைக் கமிஷன் வைப்பார் என்பார் கணவர்.

முன்பெல்லாம் அரசாங்க ராக்கெட் மட்டும்தான் கிளம்பும். நான்கு வருடமாக ஒரு தனியார் கம்பெனிக்கும் இடம். எரிபொருள் கூடம் ஒன்றுதான், ஆனால் உள்ளே போக இரண்டு வாசல். அரசாங்க வாசலில் நோட்டு. பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி வாசலில் சுழல் கேட். கம்பியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் எண் ஒன்று கூடும், பெயர் கிடையாது. வெளியேற மட்டும் பொதுவாக ஒரு கதவு. எரிபொருள் ஏற்றுமுன் இரண்டு வாசல் கணக்கையும் கூட்டி, வெளியே நிற்கும் தலைகளை எண்ணி, இரண்டும் ஒத்தால் 'கூடம் காலி' என்று கையெழுத்திடுவது அவர் பொறுப்பு.

அன்று நோட்டில் பத்து, கேட்டில் பதினான்கு. வெளியே நின்றவர்கள், அவரையும் சேர்த்து, இருபத்து மூன்று.

மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். அதே இருபத்து மூன்று.

"எங்க நோட்டுல பத்து, பத்துப் பேரும் இங்கதான் நிக்கிறோம்," என்றார் அரசாங்கப் பொறியாளர். "எங்க பக்கம் சுத்தம்." சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

கம்பெனி பக்கம் மேலாளர் வேறு யாருமல்ல, பொறுங்கம்மாவின் மருமகன். வீட்டில் 'அத்தை', வேலையில் 'மேடம்'. ராக்கெட் கிளம்ப அன்று கிடைத்த நேரம் பன்னிரண்டு இருபது வரைதான். தவறினால் ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும். கூடத்துக்குள் தேடுவதென்றால் நாற்பது நிமிடம் ஆகும். மணி பதினொன்று நாற்பது.

"மேடம், காலையில நீங்க நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்க. அப்புறம் வாயு அலாரப் பெட்டியை எடுத்துக்கிட்டு எங்க கேட் வழியாவும் வந்தீங்க. கணக்குல ரெண்டு தடவை விழுந்தது நீங்கதான்."

இருக்கலாம். ஆனால் பெட்டி பெரியது. சுழல் கேட்டில் நுழைந்தாரா, எண் கூடாத பக்கக் கதவைக் காவலாளி திறந்துவிட்டாரா? கண்ணை மூடி யோசித்தார். பெட்டியின் கைப்பிடி விரலை அறுத்தது நினைவிருந்தது, கேட் நினைவில்லை.

"திறந்தேனா? தெரியலையே மேடம்," என்றார் காவலாளி. "நேத்து திறந்தேன். இல்ல, அது முந்தாநாளு."

அப்போது ஒப்பந்த மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நம்ம பெயிண்டர் ஒருத்தன் வயித்து வலின்னு போயிட்டான்மா."

"உள்ள போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"போறேன்னு சொன்னான். போனதை நான் பார்க்கல."

பெயிண்டரின் போன் அணைந்திருந்தது. கூடத்துக்கு அடியில் குழாய்ப் பள்ளம் இருக்கிறது. கேமரா அங்கே எட்டாது. மயங்கி விழுந்தவன் கூப்பிட்டாலும் வெளியே கேட்காது. எரிபொருள் பாயத் தொடங்கினால் அப்புறம் கூப்பிடவும் ஆளிருக்காது.

மருமகன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அத்தை, ஊருக்கெல்லாம் பொறுங்கன்னு சொல்லுங்க. எனக்குமா? அந்த இருபத்து நாலு நீங்கதான்."

"நானா இருந்தா நல்லதுதான் மாப்பிள்ளை. நான் இல்லன்னா?"

பேனா கையில் இருந்தது. கையெழுத்துப் போடவும் முடியவில்லை, மாட்டேன் என்று அடித்துச் சொல்லவும் தைரியமில்லை. தான் நுழைந்த வாசல் தனக்கே தெரியாத அதிகாரி எதை அடித்துச் சொல்வது? கடைசியில் முகமூடி போட்ட இருவரைத் தேட அனுப்பினார். மருமகன் கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இருவரும் வெளியே வந்தார்கள். "பள்ளம் வரைக்கும் பார்த்தாச்சும்மா. ஒரு ஈ காக்கா இல்ல."

நிம்மதியா வெட்கமா என்று பிரித்தறிய முடியாமல் அவர் பேனாவை மூடினார். சிறிது நேரத்தில் பெயிண்டரின் போனும் உயிர்பெற்றது. வீட்டில் படுத்திருந்தான். போகுமுன் கேட்டில் நுழைந்தானா என்று மேஸ்திரி கேட்டார்.

"நுழைஞ்ச மாதிரியும் இருக்கு, நுழையாத மாதிரியும் இருக்குண்ணே. வலியில என்ன தெரியுது?"

நிறுத்தியதற்கான படிவம் வந்தது. காரணம்: உள்ளே 24, வெளியே 23. அடுத்த கட்டம்: வேறுபாட்டுக்கு விளக்கம். தன் பெயரை எழுதத் தொடங்கி அடித்தார். பெயிண்டர் என்று எழுதி அதையும் அடித்தார். பிறகு 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

மருமகன் அதை இரண்டு முறை படித்தார். "இதை எங்க ஆபீஸ்ல நான் எப்படி அத்தை சொல்றது?"

"எனக்கே புரியல மாப்பிள்ளை."

 மருமகன் படிவத்தைச் சுவரில் வைத்து, கீழே கம்பெனிக்கான இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.